பழைய கார் வாங்கப் போகிறீர்களா? காலையில் போய்ப் பாருங்கள்

கடை வைத்திருப்பவருக்குக் கார் ஓர் ஆடம்பரப் பொருள் அல்ல. காலையில் பிள்ளைகளைப் பாடசாலையில் விட்டு, பகலில் வங்கிக்கும் மொத்தக் கடைக்கும் போய், மாலையில் நாலு பெட்டி சாமான் ஏற்றி வரும் ஒரு வேலையாள் அது. கடைக்கு ஒரு பையனைச் சேர்க்கும்போது அவன் ஊர், வீடு, முன்பு வேலை செய்த இடம் எல்லாம் விசாரிக்கிறோம். பல இலட்சம் கொடுத்துக் கார் வாங்கும்போதோ, பெயின்டின் பளபளப்பைப் பார்த்து அரை மணித்தியாலத்தில் முற்பணத்தை நீட்டிவிடுகிறோம்.

2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. திறந்த பின்னரும் வரிச்சுமையால் புதிய கார் சிறு வியாபாரியின் கைக்கு எட்டவில்லை. ஏறக்குறைய ஐந்து வருடமாக இருந்த வாகனங்களே கை மாறிக் கை மாறி ஓடின. ஆகவே நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பத்து, பதினைந்து வருடம் உழைத்த கார்தான். அதில் தவறில்லை. பார்த்து எடுக்கத் தெரிய வேண்டும்.

நான் பார்க்காமல் எடுத்தவன். 2015ஆம் ஆண்டு கொழும்புப் பக்கம் ஒரு கார் பார்க்கப் போனேன். போய்ச் சேரும்போது அஸர் நேரம் தாண்டிவிட்டது. கார் வாசலில் ஸ்டார்ட்டில் நின்றது. “ஹாஜியார், சாமான் நல்லம், பயப்படாம எடுங்க” என்றார் விற்றவர். பக்கத்து வீதியில் ஒரு சுற்று ஓட்டினேன். ஏ.சி. குளிர்ந்தது, பாட்டுப் பெட்டி பாடியது. மஃரிபுக்கு முன் பேச்சை முடித்துப் பணத்தைக் கொடுத்தேன். அன்றிரவே கடுகண்ணாவ ஏற்றத்தில் சூட்டு விளக்கு சிவப்பாக எரிந்தது. ஹெட் கெஸ்கட் போயிருந்தது. கராஜில் 1,35,000 ரூபா செலவு. கார் கராஜில் கிடந்த 19 நாளும் வான் வாடகை வேறு. காலையில் போய், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பத்து நிமிடம் பார்த்திருந்தால் இந்த நஷ்டம் வந்திருக்காது.

முதலில் வேலை, பிறகு கார்

எந்தக் கார் நல்லது என்று கேட்பதற்கு முன், அதற்கு என்ன வேலை என்று கேளுங்கள். நகரத்துக்குள்ளேயே ஓடுபவருக்கு 800, 1000 சி.சி. சிறிய கார் போதும். எரிபொருள் மிச்சம், நிறுத்த இடமும் இலகு. 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மலைப்பாதையில் குடும்பத்தோடும் சாமானோடும் போகிறவர் 1500 சி.சி. அளவில் பார்ப்பது நல்லது. சிறிய எஞ்சினை நாள்தோறும் ஏற்றத்தில் வருத்தினால் அதன் ஆயுள் குறையும்.

அடுத்தது உதிரிப்பாகம். உங்கள் ஊர்க் கராஜ் பாஸ் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டக்கூடிய கார், பஞ்சிகாவத்தையில் கேட்டவுடன் சாமான் கிடைக்கும் கார், இதுவே வியாபாரிக்கு ஏற்றது. அபூர்வமான கார் மலிவாகக் கிடைக்கும். ஒரு சென்சருக்காக மூன்று கிழமை நிற்கும்போதுதான் அந்த மலிவின் விலை தெரியும்.

புத்தகம் சரியா?

காரைப் பார்க்கும் முன் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். புத்தகத்திலுள்ள சேஸி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வாகனத்திலுள்ள இலக்கங்களோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். சேஸி இலக்கத்தைச் சுற்றி வெல்டிங் அடையாளமோ புதுப் பெயின்டோ இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

லீசிங்கில் உள்ள வாகனமானால் முழு உரிமையாளர் என்று நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும். வட்டியைத் தவிர்த்து இஜாரா முறையில் எடுத்த வாகனத்திலும் நிறுவனத்தின் பெயர் இருக்கலாம். “மிச்சத்தை நான் கட்டிவிடுகிறேன்” என்ற வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். மீதித் தொகையை நீங்களே நிறுவனத்துக்குச் செலுத்தி, விடுவிப்புக் கடிதத்தை அங்கேயே கையில் வாங்குங்கள்.

‘ஓபன் பேப்பர்’ நம்மவர்களிடம் ஊறிப்போன பழக்கம். கையொப்பமிட்ட படிவங்களோடு வாகனம் மூன்று, நான்கு கை மாறும், புத்தகத்தில் பழைய பெயரே இருக்கும். வாங்குபவருக்கு இது ஆபத்து. பதிவு உரிமையாளர் மௌத்தாகிவிட்டால் வாரிசுகளைத் தேடி அலைய வேண்டும். விற்றவருக்கும் ஆபத்துத்தான். அந்த வாகனம் விபத்திலோ குற்றத்திலோ அகப்பட்டால் பொலிஸ் முதலில் வருவது அவர் வீட்டுக்கு. கை மாறியதைப் பதிவு உரிமையாளர் 14 நாட்களுக்குள் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 படிவங்களைப் பணம் கொடுக்கும் அன்றே இரு தரப்பும் பூர்த்தி செய்வதுதான் ஒழுங்கு.

குளிர்ந்த எஞ்சின் பொய் சொல்லாது

“நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்” என்று முதல் நாளே சொல்லுங்கள். ஸுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் போய்விடலாம். போனதும் பொனட்டைத் திறந்து எஞ்சின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் யாரோ உங்களுக்கு முன் ஓட்டியிருக்கிறார்கள். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு எழும்புங்கள்.

குளிர்ந்திருந்தால் மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறவுங்கள். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா? எஞ்சின் ஒயில் மூடியின் உட்பக்கம் பால் தேநீர் நிறத்தில் பசை இருக்கிறதா? இருந்தால் தண்ணீரும் ஒயிலும் கலக்கின்றன என்று சந்தேகிக்க வேண்டும். என் காரில் இரண்டும் இருந்தன. நான்தான் திறந்து பார்க்கவில்லை.

இப்போது ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, நீங்கள் புகைக் குழாய்க்குப் பின்னால் நில்லுங்கள். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஒயில் எரிகிறது. பெற்றோல் காரில் கறுப்புப் புகை, எரிபொருள் சரியாக எரியவில்லை என்பதற்கு அடையாளம். குளிர் காலையில் வெள்ளைப் புகை சிறிது நேரம் வருவதும் தண்ணீர் சொட்டுவதும் வழமை. எஞ்சின் சூடேறிய பின்னும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே போகிறது.

உடம்பையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மழையில் நனைந்த காரில் பெயின்ட் வித்தியாசம் தெரியாது. கதவுகளின் இடைவெளி இரு பக்கமும் சமமா? பொனட் போல்ட்டுகளில் சாவி போட்டுத் திருகிய காயம் உண்டா? துணியில் சுற்றிய சிறு காந்தத்தை வைத்துப் பாருங்கள். இரும்புத் தகட்டில் அது ஒட்டாத இடத்தில் டிங்கரிங் பாஸ் பசை நிரப்பியிருப்பார். கடற்கரை ஊர்களில் ஓடிய காரானால் அடிப்பாகத்தின் துருவைக் கட்டாயம் பாருங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் வேறு கதை. 2016 மே மாதம் களனி கங்கைக் கரையிலும், 2017 மே மாதம் இரத்தினபுரி, களுத்துறை, மாத்தறைப் பகுதிகளிலும், 2025 நவம்பரில் டித்வா சூறாவளியோடு பல மாவட்டங்களிலும் வெள்ளம் வந்தது. கழுவித் துடைத்த பின் வெளியில் ஒன்றும் தெரியாது. சீட் பெல்டை முழுமையாக இழுத்துப் பாருங்கள், கடைசிப் பகுதியில் சேற்றுக் கறை இருக்கும். கார்பட்டுக்கு அடியில், ஸ்பெயார் டயர் வைக்கும் குழியில் மணல் இருக்கும். ஆசன போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கும். இத்தகைய கார் மலிவானாலும் வேண்டாம். வயரிங் கோளாறு ஒவ்வொன்றாகப் பின்னால் வரும்.

மீற்றரை மட்டும் நம்பாதீர்கள். மாதம் 1,500 கிலோமீற்றர் என்றாலே பத்து வருடத்தில் 1,80,000 ஆகிறது. மீற்றர் 70,000 காட்டி, பிரேக் பெடல் இறப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்து, சாரதி ஆசனம் குழி விழுந்திருந்தால் எதை நம்புவது? சேர்விஸ் பில்களைக் கேளுங்கள். டயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்களையும் பாருங்கள். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது.

ஓட்டிப் பார்த்தல்

வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் நடப்பில் உள்ளனவா என்று பார்த்த பின்பே ஸ்டியரிங்கில் உட்காருங்கள். குறைந்தது நாற்பது நிமிடம் ஓட்ட வேண்டும். பாட்டை நிறுத்துங்கள். புரோக்கர் பேச்சுக் கொடுத்தால் அவரையும் கொஞ்சம் நிறுத்துங்கள்.

முதலில் வெற்றிடத்தில் ஸ்டியரிங்கை முழுமையாகத் திருப்பி மெதுவாக வட்டமிடுங்கள். ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் சீ.வி. ஜொயின்ட் தேய்ந்திருக்கலாம். ஓட்டோ கியரானால், பிரேக்கை மிதித்தபடி ரிவர்ஸிலும் டிரைவிலும் மாற்றிப் பாருங்கள். தாமதித்து உதைத்துப் பிடித்தால் கியர்பெட்டியில் பிரச்சினை. அதன் செலவு சில வேளை எஞ்சின் செலவையும் மிஞ்சும். சாதாரண கியரில், நாலாம் கியரில் வேகம் கூட்டும்போது எஞ்சின் மட்டும் கத்தி வண்டி ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்துவிட்டது.

பிறகு ஏ.சி. போட்டு நெரிசலுக்குள் போங்கள். சூடு ஏறுகிறதா என்று கவனியுங்கள். பல புதிய ரகச் சிறு கார்களில் சூட்டு முள் இல்லை. குளிருக்கு நீல விளக்கும் கொதிப்புக்குச் சிவப்பு விளக்கும் மட்டுமே உண்டு. சிவப்பு எரியும்போது காலம் கடந்திருக்கும். கட்டாயம் ஓர் ஏற்றத்தில் ஏற்றுங்கள். காத்தான்குடி, கல்முனை போன்ற மேடில்லாத ஊர்களில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு பாலத்து மேட்டில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள்.

குண்டும் குழியுமான ஒழுங்கையில் கண்ணாடியைத் திறந்துவிட்டு ஓட்டினால் சஸ்பென்ஷன் தானாகப் பேசும். நேரான பாதையில் ஸ்டியரிங்கை இலேசாகப் பிடித்துப் பாருங்கள், ஒரு பக்கம் இழுக்கிறதா? பின்னால் வாகனம் இல்லாதபோது 40 கிலோமீற்றர் வேகத்தில் அழுத்திப் பிரேக் பிடியுங்கள். கோணலாக நின்றாலும் பெடல் துடித்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் நிறுத்திவிடாமல் பத்து நிமிடம் ஸ்டார்ட்டில் விட்டு அடியில் பாருங்கள். ஏ.சி. தண்ணீர் சொட்டலாம், ஒயில் சொட்டக் கூடாது.

ஹைபிரிட் என்றால்

ஹைபிரிட் காரில் மேலே சொன்னவற்றோடு பெரிய பெட்டரியும் சேர்கிறது. திரையில் சார்ஜ் கோடுகள் சட்டென்று ஏறி சட்டென்று இறங்கினால், எஞ்சின் அடிக்கடி எழுந்தால் பெட்டரி சோர்ந்திருக்கிறது. பின் ஆசனப் பக்கம் பெட்டரிக்குக் காற்றுப் போகும் வழி தூசியால் அடைத்திருந்தால் முன்னையவர் பராமரிக்கவில்லை என்று பொருள். ஹைபிரிட் தெரிந்த இடத்தில் ஸ்கேன் செய்து, ஒவ்வொரு பகுதியின் வோல்ற்றளவும் சமமா என்று பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். ஹோண்டா பிட், வெசல் ஹைபிரிட்டுகளில் 2013, 2014 காலத்தவற்றைக் கியர்க் கோளாறுக்காக ஹோண்டாவே ஜப்பானில் பல தடவை திருப்பி அழைத்தது. அந்தத் திருத்தம் செய்யப்பட்டதா என்று கேளுங்கள்.

விலை பேசுதல்

கண்ட குறைகளை ஒரு தாளில் எழுதி, உங்கள் பாஸிடம் காட்டி, ஒவ்வொன்றுக்கும் செலவு போடுங்கள். டயர், பெட்டரி, பிரேக், பெயர் மாற்றம், காப்புறுதி எல்லாம் கூட்டினால் வருவதே காரின் உண்மையான விலை. பாஸுக்குக் கொடுக்கும் சில ஆயிரத்தைச் செலவாக நினைக்காதீர்கள். கையிலுள்ள பணம் முழுவதையும் காரில் போடாமல் பத்தில் ஒரு பங்கையாவது முதல் வருடத் திருத்தத்துக்கு ஒதுக்குங்கள். கொள்முதல் பணத்தை இழுத்துக் கார் வாங்கினால் கடை தள்ளாடும். பணத்தை வங்கி மூலம் கொடுங்கள், எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

நாம் விற்கும் நாள்

வாங்கும்போது இவ்வளவு கவனம் சொன்னேன். விற்கும்போது நாம் என்ன செய்கிறோம்? மழையில் நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்து வைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நமக்குத் தெரியும். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டும் என்பதே அதன் போதனை. ஒயில் எரியும் காருக்குக் கெட்டி ஒயில் ஊற்றி, சூடாக்கி வாசலில் நிறுத்துவதற்கும் அந்தக் குவியலுக்கும் என்ன வித்தியாசம்?

அந்தக் காரைத் திருத்தி ஆறு வருடம் ஓடினேன். 2021இல் ஓர் இளைஞர் பார்க்க வந்தார். “தம்பி, இதோட ஹெட் ஒருக்கா கழட்டினது” என்று பில்லை எடுத்துக் காட்டினேன். “சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே, நானா” என்றார். ஓர் இலட்சம் குறைத்துக் கேட்டார், கொடுத்தேன். அன்று மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. மூன்று மாதத்தில் தன் மச்சானையும் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார். இன்றுவரை இருவரும் என் வாடிக்கையாளர்கள்.

பார்த்து வாங்குவோம். சொல்லி விற்போம். இரண்டிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.