‘ஜெராக்ஸ்’ ப்ராப்பர் நவுனா, காமன் நவுனா? கோர்ட் படியேறிய கிராமர் சண்டை

“அண்ணா, ஆதார் கார்டு ரெண்டு ஜெராக்ஸ்!”

தமிழ்நாட்டில் எந்த தாலுகா ஆபீஸ் எதிரே நின்றாலும் காதில் விழும் வாக்கியம் இது. கடையில் இருப்பது கேனான் மெஷினாக இருக்கலாம், க்யோசெராவாக இருக்கலாம். யாரும் கவலைப்படுவதில்லை. ஜெராக்ஸ் என்றால் நகல், அவ்வளவுதான்.

ஆனால் ஜெராக்ஸ் என்பது ஒரு அமெரிக்க கம்பெனியின் பெயர். 1959-ல் அது கொண்டுவந்த ‘914’ மெஷின்தான், பட்டனைத் தட்டினால் சாதாரண பேப்பரில் நகல் வரும் வசதியை ஆபீஸ்களுக்குள் நுழைத்தது. தன் பெயர் உலகம் முழுக்க இப்படிப் புழங்குவதைப் பார்த்து கம்பெனி சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், இல்லையா? நடந்தது வேறு. ‘நகல் எடுப்பதை ஜெராக்ஸ் என்று சொல்லாதீர்கள், போட்டோகாப்பி என்று சொல்லுங்கள்’ என்று சொந்தக் காசில் பத்திரிகைகளில் விளம்பரம் போட்டது. காரணம், ஸ்கூலில் படித்த இங்கிலீஷ் கிராமரில் இருக்கிறது.

ஒரே ஒரு மதுரை

நவுன் வகைகள் என்று ஸ்கூலில் ஒரு லிஸ்ட் மனப்பாடம் செய்திருப்போம். ப்ராப்பர், காமன், கலெக்டிவ், மெட்டீரியல், அப்ஸ்ட்ராக்ட். கடைசி மூன்றும் இந்தக் கதைக்குத் தேவையில்லை. சண்டையே முதல் இரண்டுக்கு நடுவில்தான்.

‘சிட்டி’ காமன் நவுன். ஒரு வகையைச் சேர்ந்த எல்லாவற்றுக்கும் பொதுவான பெயர். ‘மதுரை’ ப்ராப்பர் நவுன், குறிப்பிட்ட ஒன்றுக்கு வைத்த பெயர். இங்கிலீஷ் இந்த இரண்டையும் வேறு வேறாக நடத்துகிறது. ‘எ சிட்டி’ என்று முன்னால் ஆர்ட்டிகிள் போடலாம், ‘சிட்டீஸ்’ என்று பன்மை ஆக்கலாம். ‘எ மதுரை’, ‘மதுரைஸ்’ என்றெல்லாம் சாதாரணமாக எழுத முடியாது. ப்ராப்பர் நவுனுக்கு முதல் எழுத்து கேப்பிட்டலில் இருக்க வேண்டும்.

தமிழில் ஆர்ட்டிகிள் கிடையாது, கேப்பிட்டல் எழுத்தும் கிடையாது. அதனால் ஒரு கம்பெனிப் பெயர் சத்தமில்லாமல் பொதுப்பெயராக மாறினாலும் நம் கண்ணுக்கு அது தெரியாது. இங்கிலீஷில் தெரிந்துவிடும். ‘டேக் எ ஜெராக்ஸ்’ என்று ஒருவர் எழுதும்போது முன்னால் ‘எ’ ஒட்டிக்கொள்கிறது, கேப்பிட்டல் எழுத்து சின்ன எழுத்தாகிறது, அடுத்த வாரம் ‘டூ ஜெராக்ஸஸ்’ என்று பன்மையும் வந்துவிடுகிறது.

ஆனால் இந்த அடையாளங்களை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. ‘அவங்க வீட்டுல ரெண்டு டொயோட்டா நிக்குது’ என்கிறோம். எண்ணினோம், பன்மை ஆக்கினோம். ஆனாலும் அந்த இரண்டும் டொயோட்டா கம்பெனி கார்கள்தான். மாருதியை யாரும் டொயோட்டா என்று சொல்வதில்லை. அதனால் டொயோட்டாவுக்கு ஆபத்து இல்லை. ‘ரெண்டு ஜெராக்ஸ்’ அப்படி இல்லை. எந்த மெஷினில் எடுத்தாலும் ஜெராக்ஸ்தான். அமெரிக்க கோர்ட்டுகள் இதைச் சோதிக்க எளிமையான ஒரு வழி வைத்திருக்கின்றன. அந்தப் பெயர் ‘யார் நீ?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறதா, ‘என்ன நீ?’ என்ற கேள்விக்கா? இரண்டாவது என்றால் அது காமன் நவுன். டிரேட்மார்க் உரிமை போச்சு. அதன் பிறகு போட்டிக் கம்பெனிகளும் அந்தப் பெயரைத் தங்கள் பொருளின் பெயராகப் பயன்படுத்தலாம்.

மாத்திரைக்கு இரண்டு பெயர்

போச்சு என்பது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஜெர்மனியின் பேயர் கம்பெனி 1899-ல் ‘ஆஸ்பிரின்’ என்ற பெயரைப் பதிவு செய்தது. அமெரிக்காவில் அந்த மருந்தின் பேட்டன்ட் 1917-ல் முடிந்தது. மற்ற கம்பெனிகளும் அதே மருந்தைத் தயாரிக்கலாம் என்ற நிலை. சரி, எந்தப் பெயரில் விற்பது? வழக்கு நியூயார்க் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனது. 1921-ல் நீதிபதி லேர்னட் ஹேண்ட் கொடுத்த தீர்ப்பு, இலக்கண ஆர்வலர்களுக்கு ஒரு விருந்து.

டாக்டர்களுக்கும் மருந்துக் கடைக்காரர்களுக்கும் அந்த மருந்தின் பொதுப்பெயர் தெரியும்: அசிட்டைல் சாலிசிலிக் ஆசிட். அவர்களுக்கு ‘ஆஸ்பிரின்’ என்றால் பேயர் தயாரிப்பு. தலைவலியோடு கடைக்கு வரும் சாதாரண ஆளுக்கு அந்த மாத்திரையின் பெயரே ஆஸ்பிரின்தான். வேறு பெயர் அவருக்குத் தெரியாது. சொல்லிக் கொடுத்தாலும் வாயில் நுழையாது. எனவே மருந்து வியாபார வட்டாரத்துக்குள் அது பேயரின் டிரேட்மார்க், பொதுமக்களிடம் விற்கும்போது யார் வேண்டுமானாலும் பயன்படுத்தும் சொல் என்று தீர்ப்பானது. ஒரே சொல், வாங்குகிற ஆளைப் பொறுத்து ப்ராப்பர் நவுனாகவும் காமன் நவுனாகவும்! ஜெர்மனியிலும் கனடாவிலும் ஆஸ்பிரின் இன்றுவரை பேயரின் டிரேட்மார்க்தான்.

எஸ்கலேட்டர் கதையும் இதே ரகம். ஓடிஸ் கம்பெனியின் டிரேட்மார்க்காக இருந்தது, 1950-ல் பறிபோனது. கம்பெனியே தன் விளம்பரங்களிலும் பேட்டன்ட்களிலும் அதைப் பொதுச்சொல்லாக எழுதியிருந்தது.

சின்ன எழுத்தில் எழுதினால் ஓகே

இந்த வழக்குகளிலேயே சுவாரஸ்யமானது, நாம் ஃபிளாஸ்க் என்று சொல்கிற பொருளைப் பற்றியது. அமெரிக்காவில் அதற்குப் பெயர் தெர்மோஸ். அது ஒரு கம்பெனிப் பெயர். ஆரம்ப வருடங்களில் அந்தக் கம்பெனியே, ‘எங்கள் பெயர் வீட்டுக்கு வீடு புழங்கும் சொல்லாகிவிட்டது’ என்று பெருமை அடித்துக்கொண்டது. பின்னால் அலாதீன் என்ற போட்டிக் கம்பெனி தன் பாட்டில்களையும் தெர்மோஸ் என்று விற்கப் பார்த்தபோது, தடுக்க முடியவில்லை. 1963-ல் அப்பீல் கோர்ட்டும் ‘இது பொதுச்சொல் ஆகிவிட்டது’ என்று உறுதி செய்தது.

ஆனால் கண்டிஷன்கள் போட்டார்கள். அலாதீன் அந்தச் சொல்லைக் கேப்பிட்டல் எழுத்தில் தொடங்கக் கூடாது. முன்னால் ‘அலாதீன்ஸ்’ என்று சேர்த்தே எழுத வேண்டும். ‘ஒரிஜினல்’, ‘ஜெனுவின்’ போன்ற சொற்களைத் தொடவே கூடாது. ஒரு எழுத்து பெரியதா சின்னதா என்பது கம்பெனிக்குச் சொந்தமான பெயரையும் ஊருக்குச் சொந்தமான பெயரையும் பிரிக்கும் கோடாக ஆனது. இங்கிலீஷ் மிஸ் கேப்பிட்டல் எழுத்துக்கு மார்க் குறைத்ததில் தப்பே இல்லை.

‘கூகுள் பண்ணிப் பாரு’

அப்படியானால் கூகுள்? பெயர்ச்சொல் வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. 2006-ல் ஆக்ஸ்ஃபோர்டு, மெரியம்-வெப்ஸ்டர் இரண்டு டிக்‌ஷனரிகளும் அதை வெர்பாகச் சேர்த்தன. ‘கூகுள்’ என்ற சொல் வரும் 763 டொமைன் பெயர்களை வாங்கி வைத்தவர் மீது அந்த நிறுவனம் புகார் செய்தது. அந்தத் தரப்பு, ‘கூகுள் இப்போது பொதுச்சொல், டிரேட்மார்க்கை ரத்து செய்யுங்கள்’ என்று பதிலுக்கு வழக்குப் போட்டது.

2017-ல் அமெரிக்க அப்பீல் கோர்ட் ஒத்துக்கொள்ளவில்லை. வெர்பாக மாறியது மட்டும் போதாது என்றது. ஒருவர் ‘கூகுள் பண்ணேன்’ என்று சொல்லும்போது குறிப்பிட்ட அந்த சர்ச் எஞ்சினையே மனதில் வைத்திருக்கலாம். பிங், யாஹூ எல்லாவற்றையும் சேர்த்து ‘கூகுள்கள்’ என்று மக்கள் அழைக்கிறார்களா என்பதுதான் கேள்வி. இல்லையே! அவற்றுக்கு ‘சர்ச் எஞ்சின்’ என்று தனியாக ஒரு காமன் நவுன் இருக்கிறது. சுப்ரீம் கோர்ட்டும் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. ஆஸ்பிரினுக்குக் கிடைக்காத அதிர்ஷ்டம் இது.

அட்ஜெக்டிவா? கொஞ்சம் இருங்க

இதனால்தான் பெரிய கம்பெனிகளின் சட்டப் பிரிவுகள், ‘எங்கள் பெயரை நவுனாகவோ வெர்பாகவோ எழுதாதீர்கள், அட்ஜெக்டிவாக எழுதுங்கள்’ என்று கேட்கின்றன. ‘போட்டோஷாப் பண்ணினேன்’ தப்பு, ‘அடோபி போட்டோஷாப் சாஃப்ட்வேரில் திருத்தினேன்’ சரி என்கிறது அடோபி. ‘லெகோஸ்’ என்று பன்மையாக்கக் கூடாது, ‘லெகோ பிரிக்ஸ்’ என்று எழுத வேண்டும் என்கிறது லெகோ. வெல்க்ரோ கம்பெனி 2017-ல் ‘தயவுசெய்து எல்லா பட்டையையும் வெல்க்ரோ என்று சொல்லாதீர்கள்’ என்று ஒரு பாட்டு வீடியோவே வெளியிட்டது.

இலக்கணப்படி பார்த்தால் இந்த அட்ஜெக்டிவ் பாடம் இடிக்கிறது. ‘ஸ்கூல் பஸ்’ என்பதில் ‘ஸ்கூல்’ அட்ஜெக்டிவ் ஆகிவிடவில்லை. அது இன்னொரு நவுனுக்கு முன்னால் நிற்கும் நவுன். ‘பிக்’ என்பதை ‘வெரி பிக்’ ஆக்கலாம், ‘பிக்கர்’ ஆக்கலாம். ‘வெரி ஜெராக்ஸ் மெஷின்’ என்று சொல்லிப் பாருங்கள். ஆனால் வக்கீல்களின் நோக்கம் புத்திசாலித்தனமானது. பெயருக்குப் பின்னால் மெஷின், பிரிக், டிஷ்யூ என்று ஒரு காமன் நவுன் கட்டாயம் வந்துவிட்டால், ‘என்ன நீ?’ என்ற கேள்விக்கு அது பதில் சொல்லிவிடும். கம்பெனிப் பெயர் ‘யார் நீ?’ என்பதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும். ஸ்டார்ட்அப் தொடங்கி, புது மாதிரி பொருளுக்குப் பெயர் யோசிப்பவர்கள் கவனிக்க: பிராண்ட் பெயரோடு, சுலபமாக வாயில் நுழையும் பொதுப்பெயர் ஒன்றையும் சேர்த்தே யோசித்துவிடுவது நல்லது.

இந்தியாவிலும் சட்டம் இதைக் கவனிக்கிறது. 1999-ம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 9-வது பிரிவின்படி, நடைமுறை மொழியில் வழக்கமாகிவிட்ட சொல்லை மட்டுமே வைத்து டிரேட்மார்க் பதிவு செய்ய முடியாது. மற்றபடி நாம் பேசுவதற்கு எந்தத் தடையும் இல்லை. ஆபீஸ் மெயிலில், குறிப்பாக வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு எழுதும்போது, ‘போட்டோகாப்பி’ அல்லது வெறும் ‘காப்பி’ என்று எழுதினால் குழப்பம் வராது.

பேச்சில் மாற்றுவது கஷ்டம்தான். ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ்காரர் 1945-ல் தொடங்கிய கம்பெனி, அவர் இனிஷியலையே பெயராக வைத்துக்கொண்டது: ஜேசிபி. அந்த மெஷினுக்குப் பொதுப்பெயர் ‘பேக்ஹோ லோடர்’. மண் அள்ள வேண்டும் என்று போன் போட்டு அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தம் வராது. அப்புறம் கேட்பார்கள், “ஜேசிபியா சார்?”