வேலூர் வீதிகள் கற்பித்த பாடம்

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் நான் குடியிருக்கும் தெருவில், 'லைன் வீடுகள்' என்று அழைக்கப்படும் வரிசை வீடுகள் பல உள்ளன. ஒரே கூரையின்கீழ் எட்டுப் பத்து அறைகள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம். அனைவருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டு கழிப்பறைகள். சிப்காட் தொழிற்சாலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர்களாகப் பணியாற்றும் வெளிமாவட்டத்தாரும் வெளிமாநிலத்தாரும் இவற்றில் வசிக்கின்றனர்.

கடந்த கோடையில் ஒருநாள், ஒடிசாவைச் சேர்ந்த இளந்தாய் ஒருவர் தம் ஒன்பது மாதக் குழந்தையுடன் என் வீட்டு வாசலுக்கு வந்தார். குழந்தைக்கு இரண்டு நாள்களாக வயிற்றுப்போக்கு. கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பித்து ஓய்வு பெற்ற என்னை மருத்துவர் என்றே அக்கம்பக்கத்தார் சிலர் எண்ணுகின்றனர். 'பூச்சி மாத்திரை கொடுத்தால் நின்றுவிடுமா ஐயா?' என்று தமக்குத் தெரிந்த தமிழில் அவர் கேட்டார். உப்பு-சர்க்கரைக் கரைசலை எப்படிப் புகட்டுவது என்று சொல்லி, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி வைத்தேன். குழந்தை தேறிவிட்டது. ஆனால், அவருடைய கேள்வி என் மனதைவிட்டு அகலவில்லை.

வயிற்றில் வரும் உபாதைகளுக்கெல்லாம் 'பூச்சி' என்று ஒரே பெயரிடுவது நம் வழக்கம். ஆண்டுதோறும் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் தரப்படும் அல்பெண்டசோல் மாத்திரை உருண்டைப் புழு, கொக்கிப் புழு போன்றவற்றை ஒழிக்கும். வைரஸையோ கண்ணுக்குப் புலப்படாத ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகளையோ அந்த ஒரு மாத்திரை அகற்றிவிடாது. எந்தக் கிருமி, எந்த வயதில், எந்த வழியாகக் குழந்தையின் குடலை அடைகிறது என்று அறியாமல் நோயைத் தடுக்க இயலாது. அதை அறிவதற்காகவே தம் ஆய்வு வாழ்வைச் செலவிட்ட ஒருவர், ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, ஆம்பூர் வழியாகச் சென்றால் சில மணி நேரத்தில் அடையக்கூடிய வேலூரில் பணியாற்றியவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அவர் நுண்ணுயிரியலாளர் ககன்தீப் காங். 1962-இல் சிம்லாவில் பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் பட்டமும், நுண்ணுயிரியலில் முதுநிலைப் பட்டமும், 1998-இல் முனைவர் பட்டமும் பெற்றவர். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், ரோட்டா வைரஸ் ஆய்வில் புகழ்பெற்ற மேரி எஸ்டஸிடம் பயின்ற பின்னர் வேலூருக்கே திரும்பினார். குழந்தைகளின் குடலைத் தாக்கும் வைரஸ்களும் ஒட்டுண்ணிகளுமே அவரது ஆய்வுக்களம்.

மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளை மட்டும் ஆராய்ந்தால் நோயின் ஒரு பகுதியையே காண முடியும். லேசாக நோயுற்றவர்களும், நோய்க்குறியின்றிக் கிருமியைச் சுமப்பவர்களும் மருத்துவமனைக்கு வருவதில்லை. எனவே காங் குழுவினர் வீதிகளுக்குச் சென்றனர். பீடி சுற்றுவோரும் கூலித் தொழிலாளரும் நெருக்கமாக வாழும் சின்ன அல்லாபுரம், கஸ்பா போன்ற வேலூர்ப் பகுதிகளில், 2002-ஆம் ஆண்டு தொடங்கிப் பிறந்த குழந்தைகளைப் பதிவு செய்தனர். களப்பணியாளர்கள் வாரம் இருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் சென்றனர். குழந்தை நலமாக இருந்தாலும், இரு வாரங்களுக்கு ஒருமுறை மலமாதிரி எடுத்துப் பரிசோதித்தனர். 373 குழந்தைகள் மூன்று ஆண்டுகள் முழுமையாகக் கண்காணிக்கப்பட்டனர்.

இந்தப் பொறுமையான பணியின் முடிவுகள் 2011-இல் வெளியாயின. மெக்சிகோவில் முன்னர் நடந்த இதே போன்ற ஆய்வில், இருமுறை ரோட்டா வைரஸ் தொற்றிய குழந்தைகளுக்கு அதன்பின் கடுமையான வயிற்றுப்போக்கு வரவில்லை. வேலூரிலோ மூன்றுமுறை தொற்றிய பின்னரும் மிதமான, கடுமையான நோய்க்கு எதிராகக் கிடைத்த பாதுகாப்பு 79 விழுக்காடுதான். இங்கே குழந்தைகள் மிக இளம் வயதிலேயே, மீண்டும் மீண்டும் தொற்றுக்கு உள்ளாகின்றனர். வேறு நாட்டின் அளவுகோலை அப்படியே இங்குப் பொருத்த இயலாது என்பதை இந்த எண் உணர்த்தியது.

ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்திலும் இதே நிலை காணப்பட்டது. தில்லியில் பிறந்த குழந்தைகளிடம் கண்டறியப்பட்ட வைரஸ் வகையிலிருந்து உருவான இந்தியச் சொட்டு மருந்து, தில்லி, புணே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. கடுமையான நோயைத் தடுப்பதில் அதன் திறன் ஏறத்தாழ 55 விழுக்காடு. செல்வ நாடுகளில் இத்தகைய மருந்துகள் காட்டும் திறனைவிட இது குறைவு. எனினும், வயிற்றுப்போக்குக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படும் சிறு குழந்தைகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு ரோட்டா வைரஸே காரணம் என்று நாடு தழுவிய கண்காணிப்பு காட்டியிருந்தது. அவ்வளவு பரவலான நோயில் பாதியைத் தடுப்பதும் பெரும்பேறு. 2016-இல் ஒடிசா உள்ளிட்ட நான்கு மாநிலங்களிலும், 2017-இல் தமிழகத்திலும் இது அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இடம்பெற்றது.

ஒட்டுண்ணியின் கதை இவ்வளவு எளிதாக முடியவில்லை. கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி, தடித்த உறைக்குள் அடங்கி மலத்துடன் வெளியேறுகிறது. வழக்கமான அளவில் கலக்கப்படும் குளோரின் அந்த உறையை வெல்வதில்லை. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரக் குடிநீரில் இது கலந்ததால் ஏறத்தாழ 4 லட்சம் பேர் நோயுற்றனர். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஏழு இடங்களில் நடந்த பெரும் ஆய்வு, கைக்குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்குக்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக இதனைக் காட்டியது. இதற்குத் தடுப்பூசி இல்லை. ஊட்டம் குறைந்த குழந்தைகளுக்கு உறுதியாகப் பயன்தரும் மருந்தும் இல்லை.

அப்படியானால் சுத்தமான குடிநீர் போதுமா? வேலூர்க் குழுவினர் அதையும் சோதித்தனர். ஒரு பகுதிக் குழந்தைகளுக்குப் புட்டியில் அடைத்த பாதுகாக்கப்பட்ட நீரும், மற்றவர்களுக்கு வழக்கமான நீரும். இரு பிரிவினரிடையே இந்த ஒட்டுண்ணித் தொற்றில் வேறுபாடு தென்படவில்லை. அங்கே மிகுதியாகக் காணப்பட்டது மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் வகை. குடிக்கும் நீரை மட்டும் தூய்மையாக்கி, கைகள், தரை, பாத்திரம், கழிப்பறை ஆகியவற்றை அப்படியே விட்டுவிட்டால் கிருமிக்கு வேறு வழிகள் திறந்தே இருக்கும்.

2019-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்வான முதல் இந்தியப் பெண் அறிவியலாளர், 2024-இல் கனடாவின் கெய்ர்ட்னர் விருது பெற்றவர் என்று காங்கின் பெருமைகளை அடுக்கலாம். என் பார்வையில் அவரது முதன்மையான கொடை, வாரம் இருமுறை கதவைத் தட்டிய அந்தக் களப்பணி முறைதான். ஒரு வீதியில் உள்ள ஒவ்வொரு குழந்தையையும் கணக்கில் வைத்திருந்ததால்தான் வேலூருக்கு உண்மை புலப்பட்டது.

மூக்கண்டப்பள்ளியில் அந்தக் கணக்கு நம்மிடம் இருக்கிறதா? தொழிலாளியின் ஆதார் எண்ணும் கைப்பேசி எண்ணும் ஒப்பந்ததாரரிடம் உண்டு. முன்பணமும் வாடகையும் வீட்டு உரிமையாளரின் குறிப்பேட்டில் உண்டு. அந்த அறையில் எத்தனை குழந்தைகள், அவர்களுக்கு எந்தத் தவணை மருந்து பாக்கி என்பது இந்த ஏடுகள் எதிலும் இல்லை. ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து 6, 10, 14-ஆவது வாரங்களில் தரப்பட வேண்டியது. முதல் தவணையை ஓராண்டுக்குள் பெறாத குழந்தைக்குப் பின்னர் அது தரப்படுவதில்லை. பிழைப்புக்காக மாநிலம் விட்டு மாநிலம் வரும் குடும்பத்துக்கு அந்த ஓராண்டு விரைந்து கழிந்துவிடும்.

வாடகைக்கு விடும்போதே குழந்தைகளின் விவரத்தை நகர்ப்புற சுகாதார நிலையத்துக்குத் தெரிவிப்பதை வீட்டு உரிமையாளர்கள் வழக்கமாகக் கொள்ளலாம். ஒப்பந்ததாரரின் பதிவேட்டில் அதற்கென ஒரு பத்தியைச் சேர்க்கலாம். இத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை என்ற விதியை வரிசை வீடுகளுக்கு வகுத்து, மாநகராட்சி அதை நடைமுறைப்படுத்த வேண்டும். இவற்றுள் எதற்கும் புதிய ஆராய்ச்சி தேவையில்லை.

அந்த ஒடிசாத் தாயிடம் தடுப்பூசி அட்டை எங்கே என்று பின்னர் கேட்டேன். ஊரில் மாமியாரிடம் இருக்கிறது என்றார். கைப்பேசியில் படமெடுத்து அனுப்பச் செய்தோம். முதல் தவணைக்கு மட்டுமே குறியிடப்பட்டிருந்தது. இரண்டாம் தவணைக்கு முன்பே அவர்கள் ஓசூருக்கு வந்துவிட்டனர். எஞ்சிய தவணைகளை செவிலியர் தொடங்கி வைத்தார். அதே வரிசையில் மேலும் நான்கு குழந்தைகள் இருக்கின்றனர். அவர்களின் அட்டைகளை இன்னும் யாரும் கேட்கவில்லை.