வேன் கதவுக்கு உள்பலகை: தையல் தெரிந்தவர்களுக்கு ஒரு தொழில்

ரெக்சின் தைக்கத் தெரிந்த சகோதரிகளே! மாருதி ஆம்னி வேன் தயாரிப்பு 2019-ல் நின்றுவிட்டது. ஆனாலும் பழைய வண்டிகள் பல ஊர்களில் ஓடுகின்றன. அவற்றின் கதவு உள்பலகை நைந்துபோனால், அளவெடுத்து நாமே செய்து கொடுக்கலாம்.

பழைய பலகையைக் கழற்றி, அட்டையில் வைத்து வரைந்து வெட்டுங்க. கைப்பிடி, கிளிப் ஓட்டைகளையும் குறிச்சுக்கோங்க. அட்டை கதவில் சரியாகப் பொருந்தினால்தான் பிளைவுட்டை அறுக்கணும்.

மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு துண்டாகச் செய்யுங்க. கீழ்த்துண்டில் பில் புக், தண்ணீர் பாட்டில் வைக்கப் பை தைக்கலாம். பை கிழிந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதும்.

முக்கியமான விஷயம்: மழைத்தண்ணீர் கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்கும், அடியிலுள்ள துளை வழியாக வெளியேறும். அந்தத் துளையை அடைச்சிடாதீங்க. பலகைக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஷீட் கட்டாயம் ஒட்டணும். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் பலகை உப்பிவிடும். நம்ம குழுவின் பெயரும் கெடும். மரைன் பிளைவுட் தண்ணீரைத் தாங்கும். ஸ்க்ரூ நீளமாக இருந்தால் உள்ளே இறங்கும் கண்ணாடியில் இடிக்கும். கண்ணாடியை முழுசாக இறக்கி ஏற்றிப் பார்த்த பிறகே வண்டியை ஒப்படைங்க.

பொருள் செலவோடு உங்கள் கூலியையும் நோட்டில் எழுதிக் கூட்டிய பிறகு விலை சொல்லுங்க.