துண்டு வீசும்வரை

கண்மாய்க் கரையிலிருந்து கடற்கரை வரை – 9

குன்றைக் குடைந்த சிவன் கோயிலையும், அதன் முன்னே சக்கரமும் குதிரையுமாகத் தேர் வடிவில் நிற்கும் கல் மண்டபத்தையும் சென்ற வாரம் குன்றாண்டார்கோவிலில் பார்த்தோம். அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் பாறை, செம்மண், வானம் பார்த்த கண்மாய்கள். கடல் புதுக்கோட்டை மாவட்டத்தின் மறுகோடியில் கிடக்கிறது. கடற்கரைப் பொழுதுபோக்கைப் பற்றிப் பேச வேண்டிய இந்த வாரத்தையும் இந்த மேட்டு நிலத்திலேயே தொடங்குகிறேன். கடற்கரைக்கு நாம் தேடும் ஒழுங்கு இங்குள்ள கண்மாய்களில் ஏற்கெனவே இருக்கிறது என்பது என் எண்ணம். குளத்தூர் வட்டத்திலும் இலுப்பூர், பொன்னமராவதிப் பக்கங்களிலும் கோடையில் நீர் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். நாள் குறித்ததும் சுற்றுவட்டாரம் முழுக்கச் செய்தி போய்விடும். விடிவதற்கு முன்பே ஊத்தா, கச்சா, தூரி, கொசுவலை, பழைய சேலை என்று கையில் கிடைத்ததோடு ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் கரையில் நிற்பார்கள். முழங்காலளவுத் தண்ணீரில் மீன் துள்ளுவது கண்ணுக்குத் தெரியும், ஒருவரும் இறங்கமாட்டார்கள். ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசிய பிறகுதான் மொத்தக் கூட்டமும் சேற்றில் பாயும். மூங்கில் ஊத்தாவைக் கலங்கலில் அழுத்தி, மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவினால் விரால் முட்டும். கெளுத்தி என்றால் முள் குத்தும். அகப்பட்டது அவரவருக்கு. விற்பதில்லை, குழம்பு வைத்துவிட வேண்டும் என்பது வழக்கம். அன்று மாலை தெருவெல்லாம் மீன் குழம்பு மணக்கும்.

இறங்காமல் நிற்கும் அந்த நேரத்தில்தான் இந்தத் திருவிழாவின் உயிர் இருக்கிறது. மழைக்காலத்தில் மீன் முட்டையிட்டுப் பெருக வேண்டும், வயலுக்குத் தண்ணீர் பாய வேண்டும், அறுவடை முடிய வேண்டும். அதுவரை கண்மாயில் யாரும் வலை வீசுவதில்லை என்பது ஊர்க் கட்டுப்பாடு. அந்தப் பொறுமைக்குக் கிடைக்கும் கூலியே ஒரு நாள் ஆட்டம். இங்கே கேளிக்கை தொழிலுக்கு வெளியே தனியாக நிற்கவில்லை. உழவின் நாட்காட்டிக்குள் அதற்கென்று ஒரு நாள் ஒதுங்கியிருக்கிறது. எந்தக் கண்மாயில் மீன் குத்தகைக்குப் போகிறதோ அங்கே இந்த நாள் இல்லாமல் போகிறது. ஏலத்தில் பணம் கட்டியவர் தன் மீனைக் காப்பார். ஊர் கரையில் நின்று பார்க்கும். பொதுக் காசு கொஞ்சம் வந்திருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் வற்றும் நீரில் யார் எப்போது இறங்கலாம் என்று சொல்லும் உரிமை ஊரின் கையை விட்டுப் போயிருக்கும். புதுக்கோட்டைக் கடற்கரையில் சுற்றுலாவை வளர்க்க நினைப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இந்த உரிமையைத்தான். படகுத்துறையும் நிழற்குடையும் பிறகு வரலாம். துண்டை யார் கையில் கொடுப்பது என்பது முன்பே முடிவாக வேண்டும்.

நமக்குக் கடல் பிந்தி வந்த சொத்து. புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது. 1948 மார்ச் 3 அன்று அது இந்தியாவுடன் இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியானபோதும் உள்நாடாகத்தான் இருந்தது. 1974 ஜனவரி 14 அன்று தனி மாவட்டம் உருவானபோது தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்த பகுதிகளோடு சேர்ந்து வந்ததுதான் இந்தச் சுமார் 42 கிலோமீட்டர்க் கரை: கட்டுமாவடி, மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோபாலபட்டினம், மீமிசல். மாவட்டத்தின் பெருமை என்றதும் நாம் சித்தன்னவாசலையும் குடுமியான்மலையையும் சொல்கிறோம். மணமேல்குடி நினைவுக்கு வருவதில்லை. கடலை வேடிக்கை பார்க்கும் இடமாக மட்டும் நாம் எண்ணுவதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம் என்றே படுகிறது. இது பாக் நீரிணையின் கடல். ஆழம் குறைவு, அலை சிறிது, அடி சேறு. ராமேசுவரம் பக்கத்து மீனவர்கள் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் இதைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் அலைச்சறுக்கு வளர்ந்தது, அங்கே அலை இருந்ததால். இங்கே அலைச்சறுக்குப் பலகையோடு வருபவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். இங்கே இருப்பது வேறு செல்வம்: அடியில் கடற்புல் வெளி, கரையோரத்தில் அலையாத்திக் காடு. அந்தப் புல்லை மேய்ந்து வாழும் கடல் பசுவை மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். அதற்காக நாட்டிலேயே முதல் கடல் பசு பாதுகாப்பகத்தைத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர்.

இந்த விலங்கின் வாழ்க்கையே இங்கே எந்த விளையாட்டு பொருந்தும் என்பதைச் சொல்லிவிடுகிறது. ஆவுளியா ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோ புல் தின்னும். சில நிமிடங்களுக்கு ஒரு முறை மூச்சுக்காக மேலே வந்தாக வேண்டும். ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே ஒரு கன்று ஈனும். அடுத்த கன்றுக்குப் பல ஆண்டுகள் ஆகும். ஆழமில்லாத நீரில் வேகமாகப் பாயும் விசைப்படகும் தண்ணீர் ஸ்கூட்டரும் அதன் முதுகில் மோதலாம். சுழலும் விசிறி புல்லை வேரோடு கிளறும். ஒரு தாயை இழந்தால் அந்த இழப்பை ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும். துடுப்புப் படகுக்கு இந்தக் குற்றம் இல்லை. பாதுகாப்பகத்துக்குத் தெற்கே, மீமிசலை அடுத்த முத்துக்குடாவில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போகும் வசதியைச் சுற்றுலாத் துறை வளர்த்து வருகிறது. மண்ணைத் துளைத்துக்கொண்டு ஆணி அடித்ததுபோல் நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்களைப் பார்க்கவும், வேரிடுக்கில் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஒதுங்கியிருப்பதைக் கவனிக்கவும் மெதுவாகப் போனால்தான் முடியும். இன்னும் தெற்கே, ராமநாதபுரம் மாவட்டம் தொண்டிக்கு அருகில் காரங்காடு இதற்கு நல்ல சாட்சி. வனத்துறை ஊர் மக்களோடு சேர்ந்து அங்கே சூழல் சுற்றுலா நடத்துகிறது. படகை ஓட்டுவது ஊர்க்காரர்கள், விருப்பமிருந்தால் நாமே கயாக்கில் துடுப்புப் போடலாம், ஊர்ப் பெண்கள் நண்டும் மீனும் சமைத்துத் தருகிறார்கள். மீனவர் தம் கடலறிவை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகவில்லை. அந்த அறிவுக்கே அங்கு கூலி கிடைக்கிறது. வாடை எப்போது எழும், கச்சான் எப்போது திரும்பும், ஏற்றத்தில் எந்த வாய்க்கால் திறக்கும், வற்றத்தில் எது தரைதட்டும் என்று தெரிந்தவர் பின்னால் உட்கார்ந்திருப்பதுதான் பயணியின் முதல் பாதுகாப்பு.

கண்மாய் வேறு, கடல் வேறு. வற்றாத கடலுக்கு எந்த நாளில் துண்டு வீசுவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கடலிலும் விலகி நிற்கும் காலம் உண்டு, அதுவும் எழுதப்பட்ட சட்டமாகவே உண்டு. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. 2017க்கு முன் அது 45 நாளாக இருந்தது. பாக் நீரிணையில் இன்னொரு ஏற்பாடும் நெடுங்காலமாக இருக்கிறது: வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. சண்டையும் வலை அறுபடுதலும் மிஞ்சியபோது கண்ட வழி அது. ஒரே நீரை முறைவைத்துப் பங்கிடும் பழக்கம் இந்தக் கரைக்குப் புதிதில்லை. சுற்றுலாவும் அந்த முறையில் ஓர் ஆளாகச் சேர வேண்டும் என்பதே என் வாதம். நாட்காட்டியைப் பாருங்கள். தடைக்காலமும் பள்ளிக் கோடை விடுமுறையும் கண்மாய் வற்றும் பருவமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகுத் தொழிலாளர்கள் நிவாரணத் தொகையோடு கரையில் உட்கார்ந்திருக்கும் அதே வாரங்களில்தான் உள்நாட்டுப் பிள்ளைகளுக்கு விடுமுறை. வெயிலுக்கு முந்திய காலை நேரத்தில் இந்தத் தொழிலாளர்கள் அந்தப் பிள்ளைகளைத் துடுப்புப் படகில் ஏற்றிச் செல்லலாம். விசைப்படகு ஓய்ந்த கடலில் இந்தத் துடுப்புப் படகுகள் ஒரு மீனையும் எடுப்பதில்லை. மறுபுறம், மழைக்காலத்தில் வாடை வலுத்த நாட்களிலும், பறவைகள் கூடுகட்டும் பகுதிகளிலும் படகே போகக் கூடாது. அந்த மூடும் காலத்தை முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். வந்தவர் ஏமாந்து திரும்புவார் என்றால் திரும்பட்டும். கண்மாய்க் கரையில் பிள்ளைகள்கூட மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

வருமானம் பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது. சில துடுப்புப் படகுகளால் எத்தனை குடும்பம் பிழைக்கும்? இளைஞர்கள் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகும் கரை இது. பெரிய முதலீடு, விடுதி, விசைப்படகுச் சவாரி வந்தால்தானே காசு புழங்கும் என்கிறார்கள். காசு புழங்கும், யார் கையில் என்பதற்குக் குத்தகைக் கண்மாய் பதில் சொல்கிறது. சவாரி உரிமையை மொத்தமாக ஏலம் எடுத்தவருக்குப் படகு நிற்கும் ஒவ்வொரு நாளும் நட்டம். அவருக்குத் தடைக்காலமும் வாடையும் எதிரி. அவர் படகில் கூலிக்கு நிற்கும் மீனவருக்கோ இன்று போகக் கூடாது என்று சொல்ல வாயிருக்காது. துடுப்புப் படகு ஒரு குடும்பத்தை முழுக்கத் தாங்கும் என்று நான் சொல்லவில்லை. தொழில் நின்ற இரண்டு மாதத்தில் கைச்செலவுக்கு ஆனால், அதுவே பெரிது. சட்டமே போதாதா என்றால், 2019ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை அலையாத்திக் காட்டைக் கடுமையான பாதுகாப்புக்குள் வைத்து, அதே காட்டில் அனுமதி பெற்ற சூழல் சுற்றுலாவுக்கும் இடம் தந்திருக்கிறது. எங்கே செய்யலாம் என்பதை அது சொல்லும். இன்று காலை காற்று எப்படி என்று அது சொல்லாது.

எனக்கே உறுத்தும் எதிர்வாதம் இரண்டு. முதலாவது உயிர்ப் பயம். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், பலர் குழந்தைகள். அது மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய படகு. அளவுக்கு மீறி ஆள் ஏறியிருந்தது. பொழுது சாய்ந்த பிறகு ஓடியது. ஊர்க்காரர் படகு என்பதே பாதுகாப்பு ஆகிவிடாது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டாம். படகுச் சோதனை, ஆள் எண்ணிக்கை, உயிர்காப்பு உடை, மாலை நேரத் தடை ஆகியவற்றை அரசு கறாராகப் பார்த்தே தீர வேண்டும். துண்டை வீசும் அதிகாரம் ஊருக்கு என்றால், வீசாமல் இருக்கும் கடமையும் ஊருக்குத்தான்.

இரண்டாவது, ஊர் என்பது யார்? கண்மாய்க் கரையில் துண்டு வீசும் கை பெரும்பாலும் வலுத்த சாதியின் கை, எப்போதும் ஆணின் கை. இதை மூடி மறைத்துவிட்டு ஊர் வழக்கத்தைப் போற்றுவது நேர்மையாகாது. பிச்சாவரத்து அலையாத்தி நீரில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களை மீனவர் என்று ஏற்கவே சுற்றியிருந்தவர்களுக்கு நெடுநாள் ஆயிற்று. அதனால் பழைய ஊர்க்கூட்டத்தை அப்படியே தூக்கிவந்து கடற்கரையில் வைக்கச் சொல்லவில்லை. பாதுகாப்பகத்துக்கான மேலாண்மைக் குழுவில் ஒவ்வோர் ஊராட்சிக்கும் ஒரு பிரதிநிதி வேண்டும் என்று வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. அந்த வாசலை முத்துக்குடாவுக்கும் விரிக்கலாம். நாட்டுப்படகுக்காரர், விசைப்படகுத் தொழிலாளி, மீன் விற்கும் பெண்கள், சமைக்கும் பெண்கள், படகே இல்லாமல் கையால் நண்டு பிடிப்பவர் ஆகியோர் ஏப்ரல் 15க்கு முன்பே உட்கார்ந்து அந்த ஆண்டின் நாட்களைக் குறிக்கட்டும். நீர் வற்றும் நேரத்தில் பயணிகளின் படகு தரைதட்டி நிற்கும். கையால் நண்டு பிடிப்பவர் கழிக்குள் இறங்கும் நேரமும் அதுதான். அந்தச் சில மணி நேரம் எந்தப் படகும் உள்ளே போகாது என்பது அவர்கள் குறிக்கும் முதல் விதியாக இருக்கட்டும்.