கவாத்தும் செவ்வந்தியும்

மலர்களுள் பெரும் குடும்பம் எது என்று கேட்டால், தாவரவியல் மாணவர்கள் ‘ஆஸ்டரேசி’ என்று தயங்காமல் கூறுவர். முன்பு ‘கம்பாசிட்டே’ என வழங்கிய இக்குடும்பத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. செவ்வந்தி, சூரியகாந்தி, டெய்சி எல்லாம் இதன் உறுப்பினர்களே. நாம் ஒரு பூ என்று சூடுவது உண்மையில் ஒரு பூவன்று. பல சிறு மலர்கள் நெருங்கி அமைந்த கொத்து.

எங்கள் சிவகிரியில் செவ்வந்தி வளர்ப்போர் பலரும் செடியைக் கத்தரிக்க அஞ்சுகிறார்கள். வெட்டினால் பூ குறைந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் அறிவியல் கூறுவது வேறு. செடியின் நுனி மொட்டில் ஆக்சின் என்னும் வளர்ச்சிப்பொருள் உண்டாகிறது. அது கீழிறங்கிப் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. நட்ட நான்காவது வாரத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் இந்த அடக்குமுறை நீங்கும்; பக்கக் கிளைகள் வெடித்துக் கிளம்பும். கிளைகள் மிகுந்தால் பூவும் மிகும் அல்லவா? பகல் குறுகி இரவு நீளும்போதுதான் செவ்வந்தி மொட்டுக் கட்டும். அந்தக் காலம் நெருங்கிய பின் கிள்ளுவது நன்றன்று.

பூத்து வாடிய தலைகளை உடனே அகற்ற வேண்டும். விட்டுவைத்தால் செடியின் சத்து விதை முற்றுவதற்குச் செலவாகும். நாள்தோறும் பூசைக்கும் கூந்தலுக்கும் பூப்பறிக்கும் நம் தாய்மார்கள் இவ்வேலையை அறியாமலே செய்து வருகிறார்கள்! பூக்காலம் முடிந்ததும் தண்டைத் தரையை ஒட்டி வெட்டினால், வேரடியிலிருந்து பக்கக் கன்றுகள் தோன்றும். அவற்றைப் பிரித்து நட்டால் அடுத்த ஆண்டுக்குக் காசு கொடுத்துக் கன்று வாங்க வேண்டியதில்லை.

செவ்வந்தி கன்றால் பெருகுவது போல, அதன் உறவினச் செடிகள் சில விதையால் தாமே பெருகுகின்றன. உதகை, கொடைக்கானல் பகுதிகளில் கற்சுவர் இடுக்குகளில் வெண்மையாகப் பூத்து இளஞ்சிவப்பாக மாறும் சிறு டெய்சியைக் காணலாம். மெக்சிகோ நாட்டுப் பகுதியிலிருந்து வந்த பல்லாண்டுச் செடி அது. நம் வரப்புகளிலே வெட்டுக்காயப் பூண்டும் அத்தகையதே. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த இப்பூண்டின் விதை, மயிர்க்குஞ்சம் ஏந்திக் காற்றில் பறந்து சென்று முளைக்கிறது. இத்தகைய செடிகளுக்கு உரமும் உழைப்பும் அதிகம் வேண்டா.

ஆனால் இந்த எளிமைக்குள் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. 1950-களில் புணேயில் கவனத்துக்கு வந்து, பின் நாடெங்கும் பரவிய பார்த்தீனியமும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஒரே செடி ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்க்கிறது. அது வயலைக் கெடுப்பதோடு, தோல் அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் தருகிறது. தானே முளைக்கும் குணம் தோட்டத்தில் வரம். வேலியைத் தாண்டினால் சாபம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வாழும் நமக்கு இது வெறும் பாடம் அன்று. நம் தோட்டத்து விதை மலைக்காட்டைச் சென்றடைய நெடுந்தூரம் போக வேண்டியதில்லை.

ஆகவே, தானே விதைத்துக்கொள்ளும் டெய்சி வகைகளை வளர்ப்போர், வேண்டிய அளவுக்கு நாலைந்து தலைகளை மட்டும் முற்ற விட்டு, ஏனையவற்றை விதை கட்டுமுன் கத்தரித்துவிட வேண்டும். முளைத்த நாற்றுகளில் மிகுதியானவற்றைக் களைய வேண்டும். கவாத்துக் கத்தரி பூவைப் பெருக்கும் கருவி மட்டுமன்று. காட்டைக் காக்கும் கருவியுமாகும்.