பசியாறிய பிள்ளைக்குத் தூக்கம் போதுமா?

2022 செப்டம்பர் 15 அன்று, மதுரை சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை அரசே உணர்ந்து செய்த காரியம் அது. அரைத் தூக்கத்தோடு வரும் பிள்ளைக்கும் பாடம் ஏறாது. சாப்பிட்டாயா என்று கேட்கிறோம். தூங்கினாயா என்று கேட்பதில்லை.

காலையில் சொல்வதை எழுதும் பயிற்சி. டீச்சர் 'வழி' என்கிறார். பிள்ளை 'வலி' என்று எழுதுகிறது. ழ, ல, ள மூன்றையும் காதில் வாங்கினால் மட்டும் போதாது. நொடிப்பொழுதில் மூளை பிரித்தறிய வேண்டும். அமெரிக்காவில் டென்னிஸ் மோல்ஃபீஸ் குழுவினர், சிறு பிள்ளைகளின் தூக்கத்தை ஒரு வாரத்துக்குத் தினமும் ஒரு மணி நேரம் குறைத்து, பேச்சொலிகளைக் கேட்கவைத்து மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். அலைகள் மாறியிருந்தன. 2013-ல் வெளியான அந்த ஆய்வு சிறியது. ஆனால் 2003-ல் இஸ்ரேலில் அவி சாதே குழுவினர் 77 மாணவர்களிடம் கண்டதும் இதே திசையில்தான் இருக்கிறது. மூன்றே இரவுகள் கூடுதலாகத் தூங்கியவர்களுக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்கும் இடையே சோதனைகளில் தெரிந்த வித்தியாசம், இரண்டு வகுப்பு வித்தியாசத்துக்குச் சமமாக இருந்தது.

6 முதல் 12 வயதுவரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். டியூஷன் முடிந்து, வீட்டுப்பாடம் எழுதி, பெரியவர்களோடு சீரியல் பார்த்துவிட்டுப் படுக்கும் பிள்ளைக்கு அது எப்படிக் கிடைக்கும்?

சீக்கிரம் படுத்தாலும் தூக்கம் வர வேண்டுமே. சென்னையில் குறைந்த வருமானக்காரர்கள் 452 பேரிடம் நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. இரவில் எட்டு மணி நேரம் படுத்திருந்தும், அவர்கள் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். புழுக்கம், கொசு, தெருச் சத்தம். மதுரையின் ஒற்றை அறை வீடுகளில் பிள்ளையின் பாயும் பெரியவர்கள் பக்கத்தில்தான் விரிக்கப்படுகிறது.

இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ம் ஆண்டிலேயே சட்ட விதி வந்துவிட்டது. திருவிழாவுக்கு விலக்கு கிடைத்தாலும் நள்ளிரவோடு நிறுத்தியாக வேண்டும். விழாக் கமிட்டியினர் தங்கள் தெருப் பிள்ளைகளுக்காகவாவது இதை மதிக்க வேண்டும்.

இன்னொன்று, குறட்டை. 'அசந்து தூங்குகிறான்' என்று அதைப் பார்த்துப் பெற்றோர் பூரிப்பது தவறு. அமெரிக்காவில் படிப்பில் பின்தங்கிய 297 ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை மருத்துவர் டேவிட் கோசல் பரிசோதித்தார். 54 பேருக்குத் தூக்கத்தில் மூச்சுக் கோளாறு இருந்தது. டான்சில், அடினாய்டு அறுவை செய்துகொண்ட 24 பேரின் மதிப்பெண்கள் அடுத்த ஆண்டு உயர்ந்தன என்று 1998-ல் எழுதினார்.

உங்கள் பிள்ளை தினமும் குறட்டை விட்டு, வாயால் மூச்சு விட்டால், மந்தம் என்று திட்டாதீர்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.