நிரலும் நெறியும் – 9: வேகமாகத் தட்டிய விரல்கள்

“என் லேப்டாப்ல நல்லா ஓடுதே சார்!”

லேப் தேர்வு நாளில் இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முன்னால் புரோகிராம் நின்றுபோகும். முகம் வாடிய மாணவன் இதைத்தான் சொல்வான். அவன் சொல்வது பொய்யும் இல்லை. அவனுடைய லேப்டாப்பில் அது ஓடத்தான் செய்தது. தொழில் அறத்தை எங்கிருந்து தொடங்கிக் கற்பிப்பது என்று என்னைக் கேட்டால், இந்த ஒற்றை வாக்கியத்திலிருந்து என்பேன்.

தொழில் அறம் நம் கல்லூரிகளில் வெறும் தேர்வுத் தாளாகச் சுருங்கிவிட்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். அற வளர்ச்சி பற்றி உளவியலாளர் கோல்பெர்க் சொன்ன படிநிலைகளையும் அதற்குக் கில்லிகனின் மறுப்பையும் மனப்பாடம் செய்து எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். அதே மாணவர் அடுத்த மணி நேரம் லேபுக்குப் போய், தோற்றுப்போகும் சோதனையை நீக்கிவிட்டுப் புரோகிராமைச் சமர்ப்பிப்பார். அங்கே எழுதியதற்கும் இங்கே செய்ததற்கும் உறவு உண்டு என்று அவருக்கு யாரும் காட்டவில்லை. அந்த உறவைக் காட்ட நான் ஒவ்வோர் ஆண்டும் சொல்லும் கதை தெராக்-25.

அது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் இயந்திரம். கனடா அரசு நிறுவனமான ஏ.இ.சி.எல். தயாரித்தது. அமெரிக்காவில் 5, கனடாவில் 6 என மொத்தம் 11 இடங்களில் இருந்தது. 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை அதில் ஆறு பேர் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அவர்களில் மூவர் அதனாலேயே இறந்தார்கள்.

1986 மார்ச் 21. டெக்சாஸ் மாநிலம், டைலர் நகரப் புற்றுநோய் மையம். பழக்கப்பட்ட ஆபரேட்டர். எலக்ட்ரான் சிகிச்சைக்கு ‘ஈ’ என்று தட்ட வேண்டிய இடத்தில், எக்ஸ்-ரேக்கு உரிய ‘எக்ஸ்’ விழுந்துவிட்டது. உடனே கர்சரை மேலே நகர்த்தித் திருத்தினார். திரை எல்லாம் சரி என்றது, கதிரைச் செலுத்தினார். ‘மால்ஃபங்ஷன் 54’ என்று ஓர் எண் தோன்றி இயந்திரம் நின்றது. அதற்கு என்ன பொருள் என்று அவருக்குப் புரியும்படி கையேட்டில் எதுவும் இல்லை. குறைந்த அளவே செலுத்தப்பட்டதாகத் திரை காட்டியது. இத்தகைய தடங்கல்கள் அன்றாடம் வருபவை. தொடர்வதற்கான கீயை அழுத்தினார்.

உள்ளே படுத்திருந்தவருக்கு முதல் முறையே மின்சாரம் தாக்கியது போலிருந்தது. எழ முயன்றபோது இரண்டாவது அடி விழுந்தது. அன்றைக்குப் பார்த்து, உள்ளே நடப்பதைக் காட்டும் கேமராவும் வேலை செய்யவில்லை, பேச உதவும் இன்டர்காமும் வேலை செய்யவில்லை. அவர் கதவைத் தட்டினார். 180 ராட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுக்க வேண்டிய இடத்தில் 16,500 ராடுக்கும் மேல், ஒரு நொடிக்குள், அவர் உடம்பில் பாய்ந்திருந்தது என்று பின்னர் கணக்கிட்டார்கள். ஐந்து மாதங்களில் இறந்துபோனார்.

நிறுவனத்திலிருந்து வந்த பொறியாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். அந்தப் பிழை வரவில்லை. இந்த இயந்திரம் அளவுக்கு மீறிக் கதிர் செலுத்த வாய்ப்பே இல்லை, மின்கசிவாக இருக்கலாம் என்றார்கள். மின்கசிவும் இல்லை என்று தெரிந்தது. ஏப்ரல் 7 அன்று இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. நான்கே நாளில், அதே ஆபரேட்டர், அதே எண், இன்னொரு நோயாளி. அவரும் பிழைக்கவில்லை.

என் மாணவர்கள் இந்த இடத்தில் அமைதியாகிவிடுவார்கள். “எங்கள் மெஷினில் சரியாக ஓடுகிறது” என்று பொறியாளர்கள் சொன்னதும், லேப் தேர்வில் தாங்கள் சொல்வதும் ஒன்றுதான் என்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பதில்லை.

பிழையைக் கண்டுபிடித்தது தயாரித்த நிறுவனம் அல்ல. மருத்துவமனையின் இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஹேகர், அந்த ஆபரேட்டரை உடன் உட்காரவைத்து, அவர் அன்று செய்ததையெல்லாம் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். சூட்சுமம் வேகத்தில் இருந்தது. கதிரை வளைக்கும் காந்தங்கள் தயாராக சுமார் 8 நொடி ஆகும். அதற்குள் தட்டித் திருத்தி முடித்தால், திருத்தத்தை நிரலின் ஒரு பகுதி கவனிக்கும், இன்னொரு பகுதி தவறவிடும். எக்ஸ்-ரேக்கு வேண்டிய பலத்த கதிர், அதைத் தாங்கித் தணிக்கும் தடுப்பு இல்லாமல் நேராக நோயாளி மேல் இறங்கும். நிறுவனத்தில் சோதித்தவர்கள் நிதானமாகத் தட்டினார்கள். நாள்தோறும் அதே வேலையைச் செய்பவரின் விரல்கள் விரைந்தன. அவ்வளவுதான் வேறுபாடு. வேகமாகத் தட்டச் சொல்லி ஹேகர் விளக்கிய பிறகே நிறுவனத்திலும் அந்தப் பிழை வந்தது. அதற்கு நிறுவனம் முதலில் சொன்ன தீர்வு, மேல் அம்புக்குறி கீயைப் பிடுங்கிவிட்டு, அது வேலை செய்யாதபடி டேப் ஒட்டுங்கள் என்பது.

மாணவர்கள் மிகவும் வாதிடுவது ஃபியூஸைப் பற்றி. முந்தைய மாடலான தெராக்-20இலும் இதே பிழை இருந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் புதிய மாணவர்கள் வந்து அந்த இயந்திரத்தைத் தொடும்போதெல்லாம் வாரத்துக்கு மூன்று முறை ஃபியூஸ் போகும். அவர்களுக்குப் பழகியதும் நின்றுவிடும். தாறுமாறாகத் தட்டிய மாணவர்களின் விரல்கள் அந்தப் பிழையை எழுப்பியிருக்கின்றன. ஆனால் அந்த மாடலில் தனியாக மின்சுற்றுப் பாதுகாப்பு இருந்ததால் ஃபியூஸ் போனதோடு சரி, யாருக்கும் ஆபத்தில்லை. தெராக்-25இல் அந்தப் பாதுகாப்புகளை எடுத்துவிட்டு நிரலை மட்டும் நம்பினார்கள். 1983இல் நடந்த பாதுகாப்பு ஆய்விலோ நிரலையே கணக்கில் சேர்க்கவில்லை.

அப்படியானால் நிரல் எழுதிய ஒரே மனிதர்தான் குற்றவாளியா? நான்சி லெவ்சனும் கிளார்க் டர்னரும் 1993இல் இந்த விபத்துகளை விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். ஒரு வரிப் பிழையில் மொத்தப் பழியையும் போடுவது தவறு என்பதே அவர்கள் முடிவு. ஒருவர் எழுதினார், மற்றவர்கள் போதுமான அளவு சோதிக்கவில்லை, புகார்களை நம்பவில்லை, மருத்துவமனைகளுக்கு மற்ற இடங்களில் நடந்ததைச் சொல்லவில்லை. இவர்களில் ஒருவர்கூடக் கெடுதல் செய்யும் எண்ணத்தோடு காலையில் வேலைக்கு வந்திருக்க மாட்டார். ‘நல்லவனாக இரு’ என்று மட்டும் சொல்லும் அறப்பாடம் ஆட்டம் காணும் இடம் இதுதான். நல்லவர்களும் ‘அப்படி நடக்க வாய்ப்பே இல்லை’ என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகலாம்.

கணினித் துறையின் இரு பெரும் அமைப்புகளான ஏ.சி.எம்.மும் ஐ.இ.இ.இ. கணினிச் சங்கமும் சேர்ந்து 1999இல் மென்பொருள் பொறியாளர்களுக்கான அறநெறித் தொகுப்பை ஏற்றன. அதில் எட்டுக் கோட்பாடுகள். முதலாவது பொதுமக்கள் நலன். முதலாளியும் வாடிக்கையாளரும் அடுத்துதான். இதை நான் செமஸ்டர் கடைசியில்தான் வகுப்பில் கொடுக்கிறேன். முதல் நாளே கொடுத்தால் அது இன்னொரு பத்து மதிப்பெண் கேள்வியாகிவிடும்.

முதல் வகுப்பில் அவர்களுக்கு ஒரு சின்ன வேலை கொடுப்பேன். “உங்கள் சாஃப்ட்வேரால் என் நோயாளிக்குக் காயம் ஏற்பட்டுவிட்டது” என்று மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பதில் எழுதுங்கள் என்பேன். அநேகமாக எல்லோரும் ஒரே மாதிரி எழுதுவார்கள்: முழுமையாகச் சோதித்துவிட்டோம், எங்கள் பக்கம் தவறில்லை. செமஸ்டர் கடைசியில் அதே கடிதத்தை மறுபடி கொடுப்பேன். சிலர் மன்னிப்புக் கேட்பார்கள். சிலர் இயந்திரத்தை உடனே நிறுத்தச் சொல்வார்கள். இரண்டும் நல்ல பதில்கள்தான்.

ஒரு முறை ஒரு மாணவியின் தாளில் இரண்டே வரிகள் இருந்தன. “அந்த ஆபரேட்டரை நான் பார்க்க வேண்டும். அன்று எந்தெந்த கீயை, எவ்வளவு வேகமாகத் தட்டினார் என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.”

அவருக்கு நான் முழு மதிப்பெண் போட்டேன்.

(அடுத்த வாரம்: பிரிட்டனில் கணக்கு மென்பொருள் தவறாகக் காட்டிய பற்றாக்குறைக்காகச் சிறை சென்ற அஞ்சல் நிலையக்காரர்கள்)